கோத்தகிரிக் குளிருல கொடிக்கட்டு

ஆகஸ்ட் 13, புதன் – மேட்டுப்பாளையம், குஞ்சப்பனை, கோத்தகிரி

எங்க சித்தப்பா ரிட்டயர்டு பி.ஈ.டி. மாஸ்டர். சொந்த ஊரு அவிநாசிப் பக்கம், வேலை கிடைச்சது கோத்தகிரியில, குளிரு புடிச்சுப் போயி அங்கயே வூட்டக் கட்டி உக்காந்துட்டாரு. ரிட்டயர்டு ஆகி எத்தனையோ வருசம் ஆச்சு, ஆனாலும் ஆகஸ்ட் 15ம் ஜனவரி 26ம் வந்தா அவரு வேலை பாத்த ஸ்கூல்ல இருந்து ஆள் வந்துரும், கொடி கட்டறதுக்கு. இந்தத் தடவ குளிருக்கு விரல் முட்டியெல்லாம் வீங்கி முடிச்சே போட வரலையாம், "நீதான் துணியோட பொழங்குற புள்ளையாச்சே, வந்து ஒரு கை குடு கண்ணு"ன்னு போன் போட்டாரு. நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர், பாதி நாள் கலர் அப்ரூவலுக்கும் மீதி நாள் டையிங்காரங்களோட சண்டைக்கும்னு போற பொழப்பு. ஷிப்மெண்ட் ஒண்ணு அப்பத்தான் கெளம்பியிருந்துச்சு, லீவு கேட்டதும் குடுத்துட்டாங்க, அதுவே எனக்கு பெரிய ஆச்சரியம்.

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல வேர்த்து ஊத்துச்சு. ஒரு டீ, ரெண்டு மொளகா பஜ்ஜி, 35 ரூபா, பஜ்ஜில மொளகா மட்டும்தான் நல்லா இருந்துச்சு.

குஞ்சப்பனை செக்போஸ்ட்ல பஸ்ஸ நிறுத்தி ஒருத்தரு ஏறினாரு, பிளாஸ்டிக் பாட்டில் இருந்தா குடுத்துருங்கன்னு. நீலகிரியில அதுக்குத் தடைன்னு எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் பஸ்ல பாதிப்பேரு பையில இருந்து பாட்டில் வெளிய வருது, குடுக்கறதுக்கு முன்னாடி மடமடன்னு தண்ணியக் குடிச்சு முடிக்கறாங்க. எனக்கு முன்னாடி சீட்டுல ஒரு ஆத்தாவும் பேரனும், பையன் கையில குச்சில மாட்டுன பிளாஸ்டிக் கொடி, வழி நெடுக ஜன்னலுக்கு வெளிய நீட்டி ஆட்டிட்டே வந்தான். அவரு பாட்டில வாங்கிட்டுக் கொடியப் பாத்தாரு, "இதும் பிளாஸ்டிக்குத்தானுங்களே"ன்னாரு. ஆத்தா அசரவே இல்ல, "அது கொடிங்க, பிளாஸ்டிக் இல்லைங்க"ன்னுச்சு. பஸ்ஸே சிரிச்சிருச்சு. அவரு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "தேசியக் கொடியப் போயி எப்படிங்க புடுங்கறது"ன்னு கண்டக்டர்கிட்டச் சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாரு.

இத்தனைக்கும் 2002 கொடி விதியும் அந்தப் பையன் பக்கம் இல்ல. கையில வெச்சு ஆட்டறதுக்குப் பேப்பர் கொடிக்குத்தான் அனுமதி, பிளாஸ்டிக்குக்குக் கிடையாது, பேப்பர் கொடியையும் விழா முடிஞ்சதும் ரோட்டுல போடக்கூடாது. ரெண்டு சட்டமும் ஒண்ணா எதிர்த்து நின்னும் ஆத்தாவே ஜெயிச்சுது, எனக்கு அதுல ரொம்ப சந்தோசம்.

கோத்தகிரி எறங்கறப்ப சாரல், ஸ்வெட்டர் பைக்கு அடியில, கேக்கணுமா. சித்தி சூடா பச்சப்பட்டாணி போட்ட குருமாவும் சப்பாத்தியும் வெச்சிருந்தாங்க, பக்கத்து வூட்டு படகர் பாட்டி ஒரு தூக்குல ராகிக் களியும் அவரைப் பருப்புக் கொழம்பும் குடுத்து விட்டிருந்தாங்க, அவங்க அதை அவரெ உதக்கம்பாங்க. காரம் மெதுவா ஏறி மூக்குல தண்ணி வர வெச்சுருச்சு, அந்தக் குளிருக்கு அதுக்கு மேல என்ன வேணும். பச்சத் தேயிலை ரேட்டு கட்டவே மாட்டேங்குதுன்னு பாட்டி வூட்டுத் தாத்தா வந்து ஒரு மணி நேரம் பேசிட்டுப் போனாரு.

ராத்திரி சித்தப்பா பீரோவுல இருந்து கொடிய எடுத்தாரு. ஸ்கூல் கொடிதான், ஆனா ஆபீஸ் ரூம்ல வெச்சா பூச்சி புடிக்குதுன்னு இவரே தலகாணி உறைக்குள்ள வெச்சுப் பாதுகாக்கறாரு. கதர், மூணடிக்கு ரெண்டடி. விரிச்சுப் பாத்தா போன ஜனவரி ஈரம் சரியாக் காயாம மடிச்சிருக்காங்க, சக்கரத்து நீலம் வெள்ளையில எறங்கியிருக்குது, பச்சைக்கு ஓரத்துல திட்டுத் திட்டா கறை. நான் கம்பெனில பீஸ் பாக்கற பழக்கத்துல லைட்டுக்கு நேராத் தூக்கிப் புடிச்சேன். "ரிஜெக்ட்டா?"ன்னாரு. ரிஜெக்ட்டுதான் சித்தப்பான்னேன். அழுக்கான, கிழிஞ்ச கொடிய ஏத்தக்கூடாதுங்கறது விதி, "அப்ப நாளைக்கு ஊட்டிக்குப் போயி கதர்ல ஒண்ணு வாங்கிட்டு வந்துரு, பாலியஸ்டர் மட்டும் தூக்கிட்டு வந்துராத"ன்னு 1500 ரூபாயக் கையில வெச்சாரு.

ஆகஸ்ட் 14, வியாழன் – ஊட்டி

கோத்தகிரில இருந்து ஊட்டி பஸ்ஸு, தொட்டபெட்டா பக்கம் வர்றப்ப கண்ணாடிக்கு வெளிய ஒண்ணுமே தெரியல, டிரைவருக்கு மட்டும் எப்படியோ ரோடு தெரியுது. சேரிங் கிராஸ்ல எறங்குனா டூரிஸ்ட் வண்டி வரிசை, ஒவ்வொரு வண்டி பானட்டுலயும் ஒரு கொடி. கார்ல கொடி கட்டற உரிமை ஜனாதிபதி, பிரதமர், மந்திரிங்க, நீதிபதிங்கன்னு ஒரு சின்ன லிஸ்டுக்குத்தான் உண்டு, ஊட்டி வந்த எல்லாரும் அன்னைக்கு மந்திரிதான் போல.

பிளாட்பாரத்துல பாலியஸ்டர் கொடி குவிஞ்சு கிடக்குது, 40 ரூபா. 2021 டிசம்பர்ல விதிய மாத்தி பாலியஸ்டரும் மிஷின் துணியும் செல்லும்னு ஆக்கிட்டாங்க, அதுக்கு முன்ன வரைக்கும் கையால நூத்துக் கையால நெஞ்ச துணிதான். நான் வாங்கறதுக்கு இல்லாட்டியும் சும்மா ஒண்ணை எடுத்துப் பாத்தேன், கை சும்மா இருக்காதே. முன்பக்கம் பளிச்சுன்னு பிரிண்டு, திருப்புனா பின்பக்கம் சக்கரம் வெளிறிப் போயி கிடக்குது. மேல காவி அகலம், கீழ பச்ச ஒரு விரல் கம்மி. சக்கரத்து ஆரத்த எண்ணுனேன், 24 இருக்கணும், 20 தான் இருந்துச்சு. கடைக்கார தம்பிகிட்டக் காட்டுனேன், "அக்கா, மேல பறக்கறப்ப எவன்கா எண்ணப் போறான்"ங்கறான். பேச்சுக்குச் சரிதான், ஆனா இந்தக் கொடியோட கதையே அந்தப் பின்பக்கத்துலதான் திரும்புச்சு, அத அந்தத் தம்பிகிட்ட மழையில நின்னு சொல்ல முடியாது, இங்க சொல்றேன்.

1947 வரைக்கும் காங்கிரஸ் கொடி நடுவுல இருந்தது ராட்டை. எங்க ஊரு குமரன் 1932 ஜனவரில அடி வாங்கி விழுந்தப்ப விடாமப் புடிச்சிருந்த கொடியோட காலத்துலயும் ராட்டைதான், அசோகச் சக்கரம் இல்ல. ராட்டையில பிரச்சினை என்னன்னா ஒரு பக்கம் சக்கரம், இன்னொரு பக்கம் நூல் சுத்தற கதிர், கொடிக்குப் பின்னாடி போயி நின்னா படம் திரும்பிரும். 1947 ஜூலை 22 அரசியல் நிர்ணய சபையில நேரு தீர்மானம் கொண்டு வந்தப்ப இதையே காரணமாச் சொன்னாரு, கொடியோட ரெண்டு பக்கமும் சின்னம் ஒரே மாதிரி தெரியணும்னு. அதனால முழு ராட்டைய எடுத்துட்டு அதுல இருக்கற சக்கரத்த மட்டும் வெச்சாங்க, எந்தச் சக்கரம்னு வந்தப்ப சாரநாத் அசோகத் தூண் உச்சில சிங்கங்களுக்குக் கீழ இருக்கற சக்கரத்த எடுத்துக்கிட்டாங்க. காந்திக்கு ராட்டை போனதுல வருத்தம், எழுதியே காட்டிட்டாரு. ஆனா துணி வேலை பாக்கறவ நான், கொடிக்கு ரெண்டு பக்கமும் முன்பக்கம்தான்னு யோசிச்ச அந்த ஆளுங்க மேல எனக்குத் தனி மரியாதை. நம்ம ஆளுங்க அதுக்குத் தத்துவமா ஆயிரம் சொல்லுவாங்க, எல்லாம் இருக்கட்டும், முதல்ல அது ஒரு பேக் சைடு பிரச்சினை.

கதர்க் கடை ஒண்ணுல ஸ்டாக் இல்ல, இன்னொண்ணுல லஞ்சுக்கு மூடிட்டாங்க, ரெண்டே கால் வரைக்கும் வெளிய நனைஞ்சுட்டு நின்னேன். திறந்ததும் ஒரு வயசான அக்கா "எந்த சைசுங்க"ன்னு கேட்டுட்டு மரப்பொட்டில இருந்து பேப்பர் சுத்துன கொடி எடுத்தாங்க. 900க்கு 600 மில்லிமீட்டர். பையில இன்ச் டேப் எப்பவும் இருக்கும், எடுத்து அளந்தேன், மூணுக்கு ரெண்டு கரெக்டா வந்துச்சு, மூணு பட்டையும் ஒரே அகலம், சக்கரம் ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம், எண்ணுனேன், 24. ஓரத்துல வெள்ளைப் பட்டைக்குள்ள கயிறு ஓட்டி மேல மரக்கட்டை கட்டியிருந்துச்சு. அந்தக்கா நான் அளக்கறதப் பாத்துட்டுக் கோவப்படாம, "அளக்கறவங்க வந்து ரொம்ப நாளாச்சு"ன்னு சொன்னாங்க, டீ வேற வர வெச்சுக் குடுத்தாங்க. 940 ரூபா.

இந்தத் துணி பெரும்பாலும் கர்நாடகாவுல இருந்துதான் வருது, ஹூப்ளி பக்கம் பெங்கேரில ஒரு கதர்ச் சங்கம், தார்வாட் பக்கத்துல கரக்னு ஒரு ஊரு, அங்கெல்லாம் கொடிக்குன்னே தனியா நெய்யறாங்க. அளவுக்கும் நூலுக்கும் சாயத்துக்கும் ஸ்டாண்டர்டு இருக்குது, நம்ம நாட்டுல போட்ட தர நிர்ணய வரிசையில ஐ.எஸ். 1ன்னு முதல் நம்பரே தேசியக் கொடிக்குத்தான், 1951ல. பையர் லேப் டிப், அதான் சாயம் போட்ட சாம்பிள் துண்டு, அனுப்பச் சொல்லி "கொஞ்சம் மஞ்சள் கம்மி பண்ணுங்க, கொஞ்சம் சிவப்பு ஏத்துங்க"ன்னு உயிர வாங்குவானே, அந்த மாதிரி ஒரு நாடே உக்காந்து காவிக்கு ஷேடு அப்ரூவ் பண்ணியிருக்குதுன்னு நெனச்சா எனக்கு என் வேலை மேலயே கொஞ்சம் பாசம் வந்துச்சு. பாலியஸ்டர் வந்தப்புறம் அந்த நெசவுக்காரங்க 2022ல ஹூப்ளியில போராட்டமே நடத்துனாங்க, 40 ரூபாய்க்கும் 940 ரூபாய்க்கும் நடுவுல அவங்க எங்க போயி நிப்பாங்க.

வேலை முடிஞ்சுது, பஸ்ஸுக்கு நேரம் இருந்துச்சு, ஆட்டோ ஒண்ணு புடிச்சு "குலிஸ்தான்னு ஒரு பழைய பங்களா, அன்னி பெசன்ட் இருந்த வூடு, அந்தப் பக்கம் போலாங்களா"ன்னு கேட்டேன். அண்ணன் ரொம்ப நம்பிக்கையா ஏத்திட்டு, ரெண்டு ஏத்தம் ஏறி எறங்கி ஒரு பிரியாணிக் கடை வாசல்ல நிறுத்திட்டு "இதானுங்க, நல்லா இருக்கும்"னாரு. 200 ரூபா. நல்லாத்தான் இருந்துச்சு, பிரியாணி.

சாப்பிட்டுட்டே அவருக்குக் கதை சொன்னேன், வண்டிய ஓரம் கட்டிட்டு அவரும் ஒரு பிளேட்டு சொன்னாரு. 1917 ஜூன்ல மெட்ராஸ் கவர்னர் பெண்ட்லண்ட் பிரபு, ஹோம்ரூல்னு சுயாட்சி கேட்டுப் பேசிட்டு எழுதிட்டுத் திரிஞ்ச அன்னி பெசன்ட்டையும் அவங்க கூட இருந்த அருண்டேல், வாடியாவையும் காவல்ல வெச்சாரு. அவங்க வந்து தங்குனது ஊட்டியில, தியாசபிகல் சொசைட்டி கர்னல் ஆல்காட்டோட பழைய வூட்ல, அதான் குலிஸ்தான். கவர்மெண்டு கோடைக்கு வந்து உக்கார்ற ஊரு இது, அந்த ஊர்லயே 69 வயசுல அந்தம்மா சிவப்பும் பச்சையுமா ஒரு கொடிய ஏத்திட்டாங்க. பேசாதன்னா பேசல, கொடிய மட்டும் ஏத்துனாங்க.

அவங்க இயக்கத்துக்குன்னு வந்த கொடில அஞ்சு சிவப்புப் பட்டை, நாலு பச்சைப் பட்டை, சப்தரிஷி மண்டலம் மாதிரி ஏழு நட்சத்திரம், ஒரு பக்கம் பிறையும் நட்சத்திரமும், இடது மூலையில, நம்ப மாட்டீங்க, யூனியன் ஜாக். வெள்ளைக்காரனோட கொடிய மூலையில வெச்சுட்டு சுயாட்சி கேட்டிருக்காங்க, சாம்ராஜ்யத்துக்குள்ளயே இருந்துக்கறோம், எங்கள நாங்க ஆண்டுக்கறோம்னு. அவ்வளவு பணிவாக் கேட்டும் கோயமுத்தூர்ல ஒரு மாஜிஸ்ட்ரேட்டு அந்தக் கொடியத் தடை பண்ணிட்டாரு. நம்ம ஜனத்துக்கும் அந்த மூலை புடிக்கல, கொடி நிக்கல. ரெண்டு பக்கமும் திட்டு வாங்குன கொடி. பெசன்ட்டம்மாவ அப்புறம் கோயமுத்தூருக்கு மாத்தி, எதிர்ப்பு பெருசாகி செப்டம்பர்ல விட்டுட்டாங்க, அந்த டிசம்பரே கல்கத்தா காங்கிரஸுக்கு அவங்கதான் தலைவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் பொம்பள.

ஆட்டோ அண்ணன் எல்லாத்தையும் கேட்டுட்டு "அப்ப மூலையில இருந்த இங்கிலீஸ் கொடிய எடுத்துட்டாங்க, சரி, மத்தது?"ன்னு கேட்டாரு பாருங்க, இவ்வளவு நல்ல கேள்விய நான் எதிர்பாக்கல. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு.

பொட்டானிக்கல் கார்டன் போற வழியில திபெத்துக்காரங்க ஸ்வெட்டர் கடையில ஒரு மஃப்ளர் எடுத்தேன், 350 சொல்லி 250க்கு வந்துச்சு, அந்தக்கா என்னை விட நல்லாத் தமிழ்ல பேரம் பேசறாங்க. கல்லாவுக்கு மேல சின்னதா அவங்க நாட்டுக் கொடி, பனிமலை, சூரியன், சிவப்பும் நீலமுமாக் கதிர், ரெண்டு பனிச் சிங்கம். ஊர்ல இதை ஏத்த முடியாதே ஆத்தா, அங்க இதுக்குத் தடைதானேன்னு கேட்டேன். "ஆமா, அதனாலதான் இங்க"ன்னு சில்லறைய எண்ணிக் குடுத்தாங்க.

ஆகஸ்ட் 15, வெள்ளி – கோத்தகிரி, ஸ்கூல்

காலையில ஆறு மணிக்கே ஸ்கூல்ல இருந்தோம். மேல இருந்து மழை இல்ல, பக்கவாட்டுல இருந்து நீர்ப்பனி, கொடிக்கம்பத்தோட பாதிதான் தெரியுது.

ஆபீஸ் ரூம் டேபிள்ல வெள்ளைத் துணி விரிச்சு அதுக்கு மேல கொடி. சித்தப்பா சொல்லச் சொல்ல நான் செஞ்சேன். முதல்ல மரக்கட்டை எந்தப் பக்கம், காவி எந்தப் பக்கம், ரெண்டும் ஒரே பக்கமா, இதைப் பாக்காமக் கட்டிட்டுத்தான் வருசா வருசம் எங்கயாவது ஒரு ஊர்ல பச்சை மேல போயிருது. அப்புறம் நீளவாக்குல ரெண்டா மடி, மறுபடி ரெண்டா மடி, இப்ப கொடி ஒரு அரை அடிப் பட்டை. ஆடற முனையில இருந்து கம்பத்துப் பக்கமாக் கொசுவம் வெச்சுட்டே வா, ஒவ்வொரு கொசுவத்துக்குள்ளயும் கொஞ்சம் பூ. சித்தி தோட்டத்து ரோஜாவும் மார்க்கெட் செவ்வந்தியும் உதுத்து வெச்சிருந்தோம். கொடிய எதையும் சுமக்கற பையா ஆக்கக்கூடாதுன்னு விதியில இருக்குது, ஆனா தேசிய நாள்ல விரிக்கறதுக்கு முன்னாடி உள்ள பூவிதழ் வெக்கறதுக்கு மட்டும் விலக்குக் குடுத்திருக்காங்க, அத எழுதுனவரு நிச்சயம் ஏதோ ஒரு ஸ்கூல்ல படிச்சவரு.

கடைசிலதான் முடிச்சு. இழுக்கற கயித்த மடக்கி ஒரு வளையம், அந்த வளையத்தக் கொசுவத்து மேல சுத்தி உள்ள செருகணும், அவ்வளவுதான், ஆனா அந்தச் செருகுற அளவு இருக்குதே. "காத்துக்கு அவுறக்கூடாது, கைக்கு அவுறணும்"னு சித்தப்பா என் விரல் மேல அவரோட வீங்குன விரல வெச்சு அமுக்கிக் காட்டறாரு. கீழயே கட்டி இழுத்துப் பாக்கச் சொன்னாரு, அவுந்துச்சு, மறுபடி முதல்ல இருந்து கட்டுனோம். ஸ்கூல்ல இந்த வருசம் புதுசா நைலான் கயிறு வாங்கிப் போட்டிருந்தாங்க, அதப் பாத்ததுல இருந்து அவருக்கு மூஞ்சி சரியில்ல, நைலான் வழுக்கும், முடிச்சு தானா நழுவும்.

ஆகஸ்ட் 15க்குக் கீழ இருந்து மேல ஏத்தணும், ஜனவரி 26க்குத்தான் மேலயே கட்டி வெச்சு விரிக்கணும்னு ஒரு வித்தியாசம் சொல்லுவாங்களேன்னு கேட்டேன். "டெல்லியில பாத்துக்குவாங்க, இங்க பூ கொட்டலைன்னா புள்ளைங்க ஒத்துக்காது"ன்னாரு.

ஒன்பது மணிக்கு சிறப்பு விருந்தினர் வந்தாரு, புள்ளைங்க எல்லாம் ஸ்வெட்டருக்கு மேல பேட்ஜ் குத்திட்டு வரிசையில நிக்குதுங்க, மூக்கு எல்லாத்துக்கும் ஒழுகுது. ஆறாவது படிக்கற ஒரு பாப்பா மைக்ல வந்து காவி தியாகம், வெள்ளை உண்மை, பச்சை செழிப்பு, நீலச் சக்கரம் தர்மம்னு மூச்சு விடாம ஒப்பிச்சுது. கேட்டுட்டு நிக்கறப்ப ஆட்டோ அண்ணன் கேள்விதான் ஞாபகம் வந்துச்சு, மத்தது எப்படி வந்துச்சுன்னு.

1921ல பெஜவாடா, இப்ப விஜயவாடா, அங்க காங்கிரஸ் கமிட்டி கூடினப்ப மசூலிப்பட்டணம் பக்கத்து பிங்கலி வெங்கய்யா சிவப்பு பச்சையில ஒரு கொடி கொண்டாந்தாரு. ஆளு விவசாயம், பருத்தி ஆராய்ச்சி, ஜப்பான் மொழின்னு எல்லாத்துலயும் கை வெச்சவரு, பருத்தியத் தெலுங்குல பத்தின்னு சொல்லி, பத்தி வெங்கய்யான்னே பேரு, அதனால எனக்கு அவரு எங்க ஊரு ஆளு. 1916லயே முப்பது கொடி டிசைன் போட்டு ஒரு புத்தகம் போட்டவரு. சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு. காந்தி மத்தவங்களுக்குன்னு வெள்ளையச் சேக்கச் சொன்னாரு. அப்ப எங்க கலரு எங்கன்னு சீக்கியர்கள் கேட்டாங்க, நியாயந்தானே, கலருக்கு ஒரு சமூகம்னு ஆரம்பிச்சா எங்க போயி நிறுத்தறது. 1931ல ஏழு பேரு கமிட்டி உக்காந்து, சண்டையே வேண்டாம், முழுக்கக் காவியில ஒரு ராட்டை போதும்னு சொல்லிட்டாங்க, அதை காங்கிரஸ் ஏத்துக்கல. கடைசில சிவப்புக்குப் பதிலா காவி, நடுவுல வெள்ளை, கீழ பச்சைன்னு வெச்சுட்டு, இதுல எந்தக் கலரும் எந்த மதத்துக்கும் இல்லைன்னு தீர்மானத்துலயே எழுதிட்டாங்க. தைரியம், உண்மை, நம்பிக்கைன்னு குணங்களச் சொன்னாங்க. 1947ல ராதாகிருஷ்ணன் பேசினப்ப காவிக்குப் பற்றில்லாமை, பச்சைக்கு மண்ணும் பயிரும்னு இன்னொரு விளக்கம்.

அந்தப் பாப்பா ஒப்பிச்ச தியாகமும் செழிப்பும் கொடி பொறக்கறப்பவே வந்தது இல்ல. கலரு முதல்ல வந்துச்சு, சண்டை அடுத்து வந்துச்சு, சண்டைய நிறுத்தறதுக்கு அர்த்தம் கடைசியா வந்துச்சு. இதச் சொன்னா மரியாதைக் குறைவுன்னு சிலபேரு நெனைப்பாங்க, எனக்கு இதுலதான் மரியாதை கூடுது, அர்த்தத்த மாத்திக்கறதுக்குப் பத்து வருசம் உக்காந்து பேசியிருக்காங்களே.

விருந்தினர் கயித்த இழுத்தாரு. முடிச்சு அழகா அவுந்துச்சு, எனக்கு மூச்சே அப்பத்தான் வந்துச்சு. ஆனா பூ உதிரல. ரெண்டு மணி நேரம் நீர்ப்பனியில ஊறி இதழெல்லாம் ஒண்ணா ஒட்டிக் கட்டியாப் போயிருச்சு, கொடி மெதுவா விரிய விரிய அந்தக் கட்டி நழுவி, நேரா விருந்தினர் வழுக்கைத் தலையில சத்தென்னு விழுந்துச்சு. ஜனகணமன ஆரம்பிச்சாச்சு, யாரும் அசையக்கூடாது. அவரும் அசையல, சல்யூட் வெச்சபடியே நிக்கறாரு, காதோரமா ஒரு செவ்வந்தி இதழ் மெதுவா எறங்குது, மூணாவது வரிசை முழுக்கத் தோளு குலுங்குது. பாட்டு முடிஞ்சதும் அவரே முதல்ல சிரிச்சாரு, "எனக்கு மாலை போட மறந்துட்டீங்கன்னு நெனச்சேன், பரவாயில்ல"ன்னு சொன்னாரு, நல்ல மனுசன். காத்து இல்ல, ஈரக்கொடி கம்பத்தோட ஒட்டிட்டு நிக்குது, 24 ஆரத்துல ஒண்ணு கூடத் தெரியல, நேத்து எண்ணுனது தண்டம்.

புள்ளைங்களுக்கு லட்டும் ஆரஞ்சு மிட்டாயும், எங்களுக்கு வர்க்கியும் டீயும். வர்க்கிய டீயில நனைச்சா ஒரு நொடிக்கு மேல வெக்கக்கூடாது, உள்ள விழுந்துரும். ஹெட்மாஸ்டரும் சித்தப்பாவும் பழைய கதை பேசுனாங்க. 1947 ஆகஸ்ட் 15 சென்னைக் கோட்டையில ஏத்துன கொடி இன்னும் அங்க மியூசியத்துல இருக்குது, பட்டுல செஞ்சது, 12 அடிக்கு 8 அடி, ஸ்கூல் டூர் கூட்டிட்டுப் போனப்ப அதுக்கு முன்னாடி இருந்து நகர மாட்டேன்னு ஒரு பையன் நின்னுட்டானாம், பஸ்ஸ விட்டுட்டு எல்லாரும் காத்திருந்தாங்களாம்.

சாயங்காலம் எறக்கறதுக்கும் நான்தான் போனேன். 2022ல இருந்து ராத்திரியும் பறக்கலாம்னு விதிய மாத்திட்டாங்க, சித்தப்பாவுக்கு அதெல்லாம் கணக்கே இல்ல, பொழுது எறங்குனா கொடி எறங்கணும். விறுவிறுன்னு ஏத்தணும், மெதுவா எறக்கணும். கம்பத்துக்கிட்ட யாரும் இல்ல, வாட்ச்மேன் மட்டும் குடையோட வந்து சல்யூட் வெச்சுட்டு நின்னாரு. நேரா வூட்டுக்குக் கொண்டாந்து துணிக்கயித்துல காயப் போட்டோம், இந்தத் தடவ நல்லாக் காயட்டும்.

ஆகஸ்ட் 16, சனி – கோத்தகிரி, எறக்கம்

காலையில கெளம்பறதுக்கு முன்னாடி பழைய கொடி வேலை. உபயோகத்துக்கு ஆகாத கொடிய முழுசா, தனியா வெச்சு, முடிஞ்ச வரைக்கும் எரிச்சு மரியாதையா முடிக்கணும், குப்பையில போடறதோ தொடைக்கற துணியா ஆக்கறதோ கூடாது. கொல்லைப்பக்கம் தகரக் கூரைக்குக் கீழ சித்தி வெந்நீர் அடுப்பு இருக்குது, அதுல வேண்டாம்னு தனியா ரெண்டு செங்கல்லு வெச்சு காஞ்ச சவுக்குக் குச்சி அடுக்குனாரு. வெறகு ஈரம், புகை கண்ணுக்குள்ள ஏறுது. மடிச்ச கொடிய வெச்சதும் ஓரத்துல மஞ்சளாப் புடிச்சு சத்தமில்லாம எரிஞ்சுது, பேப்பர் எரியற வாசனை, கடைசில மெத்துன்னு சாம்பல்.

எங்க கம்பெனில துணி என்னன்னு சந்தேகம் வந்தா ஒரு நூல உருவி லைட்டர்ல காட்டுவோம். காட்டன்னா இப்படித்தான், சாம்பலாகி விரல்ல தொட்டா உதிரும். பாலியஸ்டர்னா சுருங்கி உருகும், கறுப்பாக் கட்டி தட்டிச் சொட்டும், விரல்ல பட்டா தோலோட வரும். அந்த 40 ரூபாக் கொடிங்க எல்லாம் நாளைக்கு மரியாதையா எரியணும்னா எப்படி எரியும்னு நெனச்சேன். விதிய மாத்துனவங்க கடையில விக்கறத யோசிச்சாங்க, கொல்லைப்பக்கத்த யோசிக்கல. சித்தப்பாகிட்டச் சொன்னேன். "அதெல்லாம் எரிக்கற வரைக்கும் எங்க இருக்கப் போவுது, குஞ்சப்பனைக்குள்ளயே காத்துல போயிரும்"னாரு.

எறங்கற பஸ்ஸுல சரியான கூட்டம், லாங் வீக்கெண்டு ஜனம் மேல ஏற ஏற எதிர்ல டிராபிக் நிக்குது, ஒரு கொண்டை ஊசி வளைவுல முக்கா மணி நேரம். பக்கத்துல ஒரு ஐயா பையில இருந்து நெல்லிக்காய் எடுத்து கேக்காமயே கையில வெச்சாரு, வாந்தி வராதுங்கம்மான்னாரு. வரல. மேட்டுப்பாளையத்துல வெயிலு பளீர்னு அடிச்சுது, மஃப்ளரக் கழட்டிப் பையில திணிச்சேன்.

அவிநாசி தாண்டறப்ப சித்தப்பா போன். கொடி காஞ்சுருச்சாம், சாயம் எறங்கலையாம், சக்கரம் அப்படியே இருக்குதாம். "கண்ணு, உங்க ஊர்ல நாடா கயிறு கடையில காட்டன் கயிறு கிடைக்குமல்ல, அரை இன்ச் கனம், ஜனவரிக்குள்ள 20 மீட்டர் அனுப்பி விடு, நைலான் வேண்டாம், பில்லு ஸ்கூல் பேருல போடச் சொல்லு, ஹெட்மாஸ்டர் பணம் தந்துருவாரு"ன்னாரு. பூவ மட்டும் ஜனவரில காகிதத்துல செஞ்சு வெச்சுக்கலாமா சித்தப்பான்னு கேட்டேன். போன வெச்சுட்டாரு.